பாஸ்டன் நூலகத்தில் சார்ஜென்டின் மதச் சுவரோவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாஸ்டனுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் நகரப் பொது நூலகத்தின் மேல்மாடிக்கு அழைத்துப் போவது என் வழக்கம். ஜான் சிங்கர் சார்ஜென்டின் 'மதத்தின் வெற்றி' ஓவியத் தொடர் அங்கேதான் இருக்கிறது. பார்த்துவிட்டு இறங்கும்போது எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

சார்ஜென்ட் பெரிய மனிதர்களுக்கு போர்ட்ரெய்ட் வரைந்தவர்தானே? இவர் எப்படி சுவரோவியத்துக்கு வந்தார்?

அவரேதான். 1856-ல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து, பாரிசில் கரோலுஸ் டியூரானிடம் பயின்றவர். 1884-ல் அவர் வரைந்த மதாம் கோத்ரோ என்ற சீமாட்டியின் படம், தோளிலிருந்து நழுவிய ஆடைப் பட்டியால் பாரிசில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அதன் பிறகு லண்டனில் குடியேறினார். அடுத்த இருபது ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவரிடம் உருவப்படம் வரைந்துகொள்வதே ஒரு கௌரவம் என்றாகிவிட்டது. 1903-ல் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டையும் வரைந்தார்.

இந்தப் புகழ் ஏறிக்கொண்டிருந்த 1890-ல், நூலகத்தின் புதிய கட்டடத்தை வடிவமைத்துக்கொண்டிருந்த சார்ல்ஸ் மெக்கிம், அதன் சுவர்களுக்கு ஓவியர்களைத் தேடினார். சார்ஜென்டும் அவருடைய நண்பர் எட்வின் ஆபியும் ஒப்புக்கொண்டார்கள். சார்ஜென்டுக்கு அப்போது வயது 34. அவர் தன் வாழ்நாளின் பெரிய வேலையாக நினைத்தது இதைத்தான், உருவப்படங்களை அல்ல. 1907 வாக்கில் எண்ணெய் வண்ண உருவப்படங்களை ஏறக்குறைய முழுவதுமாகவே நிறுத்திவிட்டார். கேட்டு வந்த சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் பெரும்பாலும் கரிக்கோல் படம்தான் கிடைத்தது.

நூலகத்தில் எங்கே இருக்கிறது? டிக்கெட் உண்டா?

காப்ளி சதுக்கத்தில் இருக்கும் பழைய மெக்கிம் கட்டடம், அமெரிக்கக் கணக்கில் மூன்றாம் தளம். டிக்கெட் கிடையாது. வாசலின் மேல் 'எல்லோருக்கும் இலவசம்' என்றே கல்லில் பொறித்திருக்கிறார்கள். இந்த வாசகத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூடம் 84 அடி நீளம், 23 அடி அகலம், 26 அடி உயரம். வளைந்த கூரை, மேலிருந்து வெளிச்சம். அகலம் குறைவு என்பதால் எந்தப் படத்தையும் தள்ளி நின்று முழுதாகப் பார்ப்பது கஷ்டம். கழுத்து வலிக்கும். பலர் இரண்டாம் தளத்தில் ஆபி வரைந்த புனிதக் கிண்ணக் கதையை (இயேசுவின் கடைசி விருந்துக் கிண்ணத்தைத் தேடிப் போகும் வீரர்களின் கதை) பார்த்துவிட்டு, மேலே இன்னொன்று இருப்பது தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

பொது நூலகத்தில் எதற்கு மதப் படம்? தேவாலயத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

என்ன வரைவது என்பதை ஓவியர்களிடமே விட்டிருந்தார்கள். சார்ஜென்ட் முதலில் யோசித்தது ஸ்பானிய இலக்கியம். சில மாதங்களுக்குள் மனம் மாறி மதங்களின் வரலாற்றைப் பிடித்துக்கொண்டார். பக்தியை வளர்ப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. மதங்களை வரலாறாக ஆராயும் போக்கு 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் வலுவாக இருந்தது. பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனானின் எழுத்துகளை சார்ஜென்ட் படித்திருந்தார். பயமும் பலியுமாகத் தொடங்கிய வழிபாடு, சட்டம், கோட்பாடு என்று பல நிலைகளைக் கடந்து தனிமனிதனின் உள்ளத்துக்குள் போய்ச் சேர்கிறது என்பதே அவர் வரைய நினைத்த கதை. அறிவை எல்லோருக்கும் திறந்துவைக்கும் நூலகத்துக்கு அந்தக் கதை பொருந்தும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தில் தவறில்லை என்றே நானும் நினைக்கிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

சித்தன்னவாசல், தஞ்சாவூர் மாதிரி சுவரிலேயே வரைந்ததா?

இல்லை. இவை கான்வாஸில் எண்ணெய் வண்ணம். இங்கிலாந்தில் வரைந்து, சுருட்டிக் கப்பலில் கொண்டுவந்து சுவரில் ஒட்டினார்கள். முதல் தொகுதியை ஃபேர்ஃபோர்டில் ஆபியோடு பகிர்ந்துகொண்ட பெரிய கூடத்திலும், பின்னால் வந்தவற்றை லண்டன் ஃபுல்ஹாம் சாலை ஓவியக்கூடத்திலும் வரைந்தார். கூடத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்துவைத்து, எந்த உருவம் எங்கே வரும், வெளிச்சம் எப்படி விழும் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார்.

தட்டையான ஓவியத்தோடு அவர் நிற்கவில்லை என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும். பிளாஸ்டர், காகிதக்கூழ், உலோகம், கண்ணாடிக் கற்கள், தங்கப்பூச்சு என்று பலவற்றைச் சேர்த்துப் பல இடங்களைப் புடைப்பாக எழுப்பியிருக்கிறார். நீங்கள் நடக்க நடக்கத் தங்கம் ஒளி மாறும். கூரையின் கட்டட அலங்காரத்தையும் அவரே வடிவமைத்தார். அச்சுப் படங்களில் இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் புத்தகத்தில் பார்த்தேன், போதும் என்பவர்களையும் நான் விடுவதில்லை.

ஒரே கூடத்துக்கு 29 வருஷமா?

1890-ல் பேச்சு, 1895-ல் வடக்குச் சுவர், 1903-ல் தெற்குச் சுவர், 1916-ல் பக்கச் சுவர்களின் அரைவட்ட ஓவியங்களும் கூரையும், 1919-ல் கடைசி இரண்டு படங்கள். ஆம், 29 ஆண்டுகள். அப்போதும் முடியவில்லை.

வாங்கிய காசுக்கு வேலை செய்யவில்லை என்று யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. 1890-91 குளிர்காலத்தில் எகிப்து, பிறகு கிரீஸ், துருக்கி என்று போய்ப் பழைய சிற்பங்களைப் பார்த்தார். சிசிலித் தீவின் தேவாலயங்களில் மொசைக் எனும் பதிகல் ஓவியங்களைப் பார்த்தார். 1905-06-ல் பாலஸ்தீனத்துக்கும் சிரியாவுக்கும் போனார். அங்கே இருந்தபோதுதான் லண்டனில் அவர் தாய் இறந்துபோனார். இடையில் உலகப் போர் வந்தது. 1918-ல் போர் ஓவியராகப் பிரான்சின் போர்முனைக்குப் போனார். நச்சுவாயுவில் கண் மூடிய வீரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி நடக்கும் அவருடைய பெரிய ஓவியம் அங்கிருந்து வந்ததே.

எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்க வேண்டும்?

வடக்கிலிருந்து. கூரை வளைவில் எகிப்தின் வானத் தாய், உலகை மூடுவதுபோல் உடலை வளைத்து நிற்கிறாள். அவளுடைய இருளுக்குள் காளைத் தலையுள்ள மோளேகும், நீல முக்காட்டுக்குள் அஸ்தார்த்தேயும், இருவரும் பழைய மேற்காசியாவின் தெய்வங்கள். அஸ்தார்த்தேயின் அழகில் ஒரு பயங்கரம் இருக்கிறது. சட்டென்று பிடிபடாது, கொஞ்சம் நிற்க வேண்டும்.

அதற்குக் கீழே அரைவட்டத்தில், எகிப்திய மன்னனுக்கும் அசீரிய மன்னனுக்கும் நடுவே யூதர்களின் முன்னோரான இஸ்ரவேலர் நுகத்தடியில் நசுங்குகிறார்கள். சிவந்த சிறகுகளுக்கு உள்ளிருந்து கடவுளின் கைகள் நீண்டு மன்னர்களைத் தடுக்கின்றன. அவர் முகம் தெரிவதில்லை. சுற்றிலும் பைபிளின் 106-ஆம் சங்கீதம் என்ற துதிப்பாடலின் வரிகள். அதற்கும் கீழே, வரிசையாக, கடவுளின் வாக்கை மக்களுக்குச் சொன்ன தீர்க்கதரிசிகள்.

தீர்க்கதரிசிகள் படம் மட்டும் ஏன் இவ்வளவு பிரபலம்?

மேலே இருப்பவை எல்லாம் தெய்வங்களும் சின்னங்களும். தீர்க்கதரிசிகளிடம் வரும்போதுதான் மனிதர்களைப் பார்க்கிறோம். நடுவில் மோசே, கற்பலகைகளோடு புடைப்பாக, அசையாத சிலைபோல. அவருக்கு இருபுறமும் எலியாவும் யோசுவாவும். மொத்தம் 19 பேர். ஒருவர் முகத்தை மூடிக்கொள்கிறார், ஒருவர் கதறுகிறார். வெள்ளைப் போர்வைக்குள் ஓசியா தனக்குள்ளேயே அமிழ்ந்து நிற்கிறார். ஆகாய், மல்கியா, சகரியா மூவரும் வரப்போகும் ஒன்றை எதிர்பார்த்துக் கூடத்தின் மறுமுனைப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். இந்தப் படத்தின் அச்சுப் பிரதிகள் ஏராளமாக விற்றன. ஞாயிறு பள்ளிகளிலெல்லாம் மாட்டினார்கள்.

அப்படியானால் போர்ட்ரெய்ட் கைவண்ணம் சுவரிலும் தெரிகிறதா?

தீர்க்கதரிசிகளிடம் தெரிகிறது. எசேக்கியேலுக்கு மாதிரியாக நின்றவர் ஆங்கிலக் கவிஞர் கவென்ட்ரி பாட்மோர். அவரை சார்ஜென்ட் 1894-ல் உருவப்படமாகவும் வரைந்திருந்தார். துணி மடிப்புகள், கைகள், கழுத்து நரம்பு, எல்லாம் லண்டன் சீமான்களை வரைந்து வரைந்து தேர்ந்த கைதான்.

மற்ற இடங்களில் அந்தக் கையை அவர் வேண்டுமென்றே அடக்கியிருக்கிறார். பழைய தெய்வங்களை எகிப்திய, அசீரியப் புடைப்புச் சிற்பங்களின் பாணியிலும், கிறிஸ்தவக் கோட்பாட்டை பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) பதிகல் ஓவியங்களின் பாணியிலும் வரைந்தார். ஒவ்வொரு காலத்தின் நம்பிக்கையையும் அந்தந்தக் காலத்தின் கலையாலேயே சொல்வது அவர் திட்டம். தீர்க்கதரிசிகளை மட்டும் நம்மைப் போன்ற சதையும் இரத்தமுமாக வரைந்தார். மதம் ஒரு மனிதனின் உள்ளத்துக்குள் இறங்கும் இடத்தில் உருவப்பட ஓவியர் திரும்பி வருகிறார். தற்செயலாக அமைந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. பொது நூலகத்தில் எதற்கு மதப் படம் என்ற கேள்விக்கான பதிலில் நான் குறிப்பிட்ட கதையோடு சேர்த்துப் பாருங்கள்.

எதிர்ச் சுவரில் சிலுவையில் இயேசுவோடு சேர்த்துக் கட்டியிருக்கும் இரண்டு பேர் யார்?

ஆதாமும் ஏவாளும். இயேசுவின் உடலோடு ஒரே துணியால் பிணைக்கப்பட்டு, அவருடைய காயங்களிலிருந்து வடியும் இரத்தத்தைக் கிண்ணங்களில் ஏந்துகிறார்கள். 1903-ல் வைத்த பகுதி இது. அந்தச் சிலுவை ஓவியமல்ல, முழுப் புடைப்புச் சிற்பம். அதன் வெண்கலப் பிரதி ஒன்று லண்டன் புனித பவுல் பேராலயத்தின் நிலவறையில் சார்ஜென்டின் நினைவாக இருக்கிறது.

மேலே திரித்துவம், அதாவது பிதா, மகன், தூய ஆவி என்ற மூவராக இருக்கும் ஒரே கடவுள்: மூன்று முகங்களும் ஒரே அச்சு, மூவரையும் சுற்றி ஒரே சிவப்பு அங்கி. சுற்றியுள்ள லத்தீன் வாசகத்தை சிசிலியின் செஃபாலு பேராலயத்திலிருந்து எடுத்தார். வடக்குச் சுவரில் மனிதர்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இது இறுக்கமாக, குளிர்ந்து தெரியும். கோட்பாடு எவ்வளவு கம்பீரமானது, எவ்வளவு அசையாதது என்பதை உணர்த்தவே அப்படி வரைந்தார் என்று நினைக்கிறேன்.

சுருக்கமாக, கிறிஸ்தவம் ஜெயித்தது என்பதுதானே 'மதத்தின் வெற்றி'?

நடந்துபோகிற வரிசையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் படும்: பழைய தெய்வங்கள், இஸ்ரவேல், கிறிஸ்தவம். சார்ஜென்டின் திட்டத்தில் கதை அங்கே முடியவில்லை. தெற்குச் சுவரின் கோட்பாடும் கடக்க வேண்டிய ஒரு கட்டம்தான். உச்சமாக அவர் வைத்திருந்தது மலைப்பிரசங்கம். கோயிலோ குருவோ கிரீடமோ இல்லாமல், திறந்த வெளியில் இயேசு மக்களோடு பேசும் காட்சி. படிக்கட்டின் மேலே, கிழக்குச் சுவரின் நடுவே, அதற்கு இடம் ஒதுக்கிவைத்தார். அந்த ஒரு படத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அர்த்தம். அதை அவர் வரையவே இல்லை.

யூதர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?

அந்த இடத்தின் இருபுறமும் 1919-ல் அவர் வைத்த இரண்டு படங்களால். ஒன்று 'திருச்சபை': நேராக நோக்கும் இளம்பெண், அவள் முழங்கால்களுக்கு இடையே இறந்த கிறிஸ்து. மற்றது யூதர்களின் வழிபாட்டிடத்தின் பெயரில் 'ஜெப ஆலயம்': கண் கட்டப்பட்ட கிழவி, கிரீடம் சரிய, செங்கோல் உடைந்து, கற்பலகைகளை இறுகப் பற்றியபடி இடிபாட்டுக்குள் விழுகிறாள். இது இடைக்கால ஐரோப்பாவின் பழைய சின்னம். ஸ்ட்ராஸ்பூர், ரேம்ஸ் பேராலயங்களின் முகப்பில் இந்த இரண்டு பெண்களும் சிலைகளாக நிற்கிறார்கள். யூத மதம் குருடு, அதன் காலம் முடிந்தது என்பதே அந்தச் சிலைகளின் சேதி.

கிழக்கு ஐரோப்பாவில் அடிபட்டுத் தப்பி வந்த யூதக் குடும்பங்கள் பாஸ்டனில் நிறைய. அவர்களுக்குப் படிப்பைத் திறந்துவிட்டது இந்த நூலகம். ரஷ்யப் பேரரசின் பொலோட்ஸ்கிலிருந்து சிறுமியாக வந்த மேரி ஆன்டின், 1912-ல் வெளியான தன் வாழ்க்கைக் கதையில் இந்தக் கூடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். சார்ஜென்டின் தீர்க்கதரிசிகள் முன் வாயடைத்து நின்றதாகவும், மறந்துபோன எபிரேயச் சங்கீதங்கள் தனக்குள் ஒலித்ததாகவும் சொல்கிறார். அப்படி நின்ற அதே கூடத்தில், அந்தப் புத்தகம் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, உங்கள் மதம் இதோ விழுகிறது என்று ஒரு படம். 'எல்லோருக்கும் இலவசம்' என்ற வாசலைத் தாண்டி வந்தவர்களுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலமும் கெட்ட காலம். 1922-ல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹார்வர்டின் தலைவர் லோவெல், யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்ட வெளிப்படையாகவே முயன்றார்.

அப்போது சார்ஜென்ட் யூத வெறுப்பாளரா?

அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லண்டனின் யூதக் கலைவணிகர் ஆஷர் வெர்த்தைமர் அவருக்கு நெருங்கிய நண்பர். அந்தக் குடும்பத்தை ஒரு டஜன் உருவப்படங்களில் அவ்வளவு உயிரோடு வரைந்திருக்கிறார். தீர்க்கதரிசிகளில் அவர் காட்டிய மரியாதையும் பொய்யில்லை. 1916-ல் வைத்த படம் ஒன்றில், கடவுள் தன் அங்கிக்குள் சிறுவன் இஸ்ரவேலை அணைத்துச் சட்டம் படிக்கச் சொல்லித்தருகிறார். இந்தத் தொடரிலேயே மிக மென்மையான காட்சி அதுதான்.

ஆனால் எதிர்ப்பு வந்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தை என்னால் நியாயப்படுத்த முடியாது. விளக்கம் கேட்டு வருகிறவர்களுக்குப் பழைய பேராலயங்களைக் கைகாட்டிவிடப் போவதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். நூற்றாண்டுகளாக ஒரு சமூகத்தை அவமதிக்கப் பயன்பட்ட உருவத்தை எடுத்து ஆளும்போது, பழைய மரபு என்பது பதிலாகாது. உருவப்படத்தில் வரையப்படுபவர் தானே வந்து உட்காருகிறார். பிடிக்காவிட்டால் வாங்காமல் போகலாம். பொதுச் சுவரில் மதத்தை வரைந்தால், யாரையும் கேட்காமலே ஊரையே உட்காரவைத்து வரைந்ததாகிறது. அந்த வேறுபாட்டை அவர் கடைசிவரை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

சட்டமன்றமே எடுக்கச் சொன்னதாமே? பிறகு எப்படி அங்கேயே இருக்கிறது?

1922-ல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுத் தேவைக்காகத் தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் அதே அதிகாரத்தால், கல்விப் பயன்பாட்டுக்கு என்று சொல்லி இந்த ஓவியத்தை எடுத்துக்கொள்வது திட்டம். நூலக நிர்வாகம் இணங்கவில்லை. அரசியல் சாசனப்படி செல்லாது என்ற நிலை வந்ததும் 1924-ல் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதே 1924-ல் யாரோ 'ஜெப ஆலயம்' மீது மையை வீசினார்கள். துடைத்துச் சரிசெய்தார்கள்.

நடுவில் காலியாக விட்டது எதிர்ப்பினால்தானா? வேறு ஓவியரை வைத்து முடித்திருக்கலாமே?

எதிர்ப்பு அவரைச் சோர்வடைய வைத்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், எனக்கும் அது சரியென்றே படுகிறது. அதே ஆண்டுகளில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கும் ஹார்வர்டின் வைடனர் நூலகத்துக்கும் பெரிய சுவரோவியங்களைச் செய்து முடித்தாரே. கை ஓயவில்லை, இந்தச் சுவரிடம் திரும்பத்தான் மனமில்லை. 1925 ஏப்ரலில் லண்டனில் தூக்கத்திலேயே இறந்தார்.

வேறொருவர் முடித்திருந்தால் அது சார்ஜென்டின் பதிலாக இருந்திருக்காது. மலைப்பிரசங்கம் வந்திருந்தால் இருபுறமும் உள்ள இரண்டு பெண்களையும், திருச்சபை உட்பட, ஒருசேரக் கடந்துபோகும் கருத்து துலங்கியிருக்கும் என்பார்கள். துலங்கியிருக்கலாம். அப்போதும் விழுகிறவள் ஒருத்திதான், மற்றவள் சிம்மாசனத்தில் அமர்ந்திருக்கிறாள். நடுவில் எந்தப் படம் வந்தாலும் அதை மாற்றியிருக்க முடியாது.

இப்போதாவது அந்தப் படத்தை எடுத்துவிட வேண்டாமா?

என்னோடு வந்தவர்களிடையே இதில் சண்டையே நடந்திருக்கிறது. எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. 2003-04-ல் ஹார்வர்டின் பாதுகாப்பு நிபுணர்கள் கூடம் முழுவதையும் சுத்தம் செய்தபோது இந்தப் படத்தையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார்கள். அதை உரித்தெடுத்தால் 1919-ன் தவறும் அதை எதிர்த்து நின்றவர்களின் குரலும் சேர்ந்தே மறைந்துபோகும். ஆனால் விளக்கமில்லாமல் விட்டுவிடவும் கூடாது. எதிர்ப்பின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பள்ளிக் குழந்தைகூட அந்தப் படிக்கட்டில் இறங்கக் கூடாது என்பேன்.

பழைய சின்னத்துக்குப் பதில் சொல்ல ஓவியத்தை அழிக்கத்தான் வேண்டும் என்றில்லை. 2015-ல் ஃபிலடெல்ஃபியாவின் புனித யோசேப்பு பல்கலைக்கழகத்தில் அதே இரண்டு பெண்களையும் ஜோஷுவா காஃப்மன் என்ற சிற்பி புதிதாகச் செய்து வைத்தார். இருவருக்கும் கிரீடம் இருக்கிறது, கண்கட்டு இல்லை. அருகருகே உட்கார்ந்து, ஒருத்தி கையில் இருக்கும் வேதத்தை மற்றவள் எட்டிப் பார்க்கிறாள். அமெரிக்கா வந்திருந்த போப் பிரான்சிஸ் அதை ஆசீர்வதித்தார். பாஸ்டனிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு ரயில் இருக்கிறது. முடிந்தால் இரண்டையும் ஒரே பயணத்தில் பாருங்கள், முதலில் பாஸ்டன்.